முப்பது கட்டம் இருபதான கதை: பாதியில் நின்ற ஒரு பூத்தையல் குயில்ட்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு போர்வை. 2014-ல் தொடங்கி, 2016-ல் நின்று, 2023 போகிக்குப் பரண் ஒழித்தபோது மறுபடி வெளியே வந்தது. சொந்தக்காரர் சென்னை வேளச்சேரியில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பெயர் போட வேண்டாம் என்றார். டீச்சர் என்றே இருக்கட்டும். நான் எம்ப்ராய்டரியும் குயில்டிங்கும் சொல்லிக்கொடுப்பவள். ஜனவரி பிறந்தால் இப்படிப் பாதியில் நின்ற வேலைகளைத் தூக்கிக்கொண்டு யாராவது வருவார்கள். பொங்கல் முடிந்து ஒரு மாதம் ஓடுவதற்குள் பெரும்பாலானவை பரணுக்கே திரும்பிவிடும். டீச்சருடையது திரும்பவில்லை. அது எப்படி என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். துணி, நூல், கறை, பேனா மை என்று சில்லறை விஷயங்கள் நிறைய வரும். இந்த வேலை தேறுவதும் தேறாததும் அந்தச் சில்லறையில்தான் இருக்கிறது.

போட்ட திட்டமும் நின்ற இடமும்

டீச்சர் 2014-ல் போட்ட கணக்கு: அகலத்தில் 5, நீளத்தில் 6, ஆக 30 கட்டங்கள். ஒவ்வொன்றும் 12 அங்குலச் சதுரம். ஒன்றுவிட்டு ஒன்றாக, 15 கட்டங்களில் காடாத் துணிமேல் கையால் போட்ட நம் ஊர்ப் பூக்கள்: மல்லி, கனகாம்பரம், செம்பருத்தி, நந்தியாவட்டை, சங்குப்பூ என்று. மீதி 15-ல் பழைய சுங்குடிப் புடவைகளை வெட்டி மெஷினில் இணைத்த ஒன்பது சதுர ஒட்டுவேலை. கட்டங்களுக்கு நடுவே 2 அங்குலப் பட்டை, சுற்றிலும் 4 அங்குல பார்டர். எல்லாம் சேர்ந்தால் 76-க்கு 90 அங்குலம். இரட்டைக் கட்டிலுக்கான அளவு. மகள் கல்யாணச் சீரில் வைப்பதாக நினைப்பு.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. துணிமணிகளை அவசர அவசரமாகப் பரணில் ஏற்றினார்கள். தையல் மெஷினைத் தூக்க ஆள் இல்லை; மோட்டாரும் மேஜையும் ஊறிப் போயின. ஒட்டுவேலை அன்றோடு நின்றது. கைத்தையல் மட்டும் சில மாதங்கள் ஓடி, 2016 கோடையில் ஒரு சங்குப்பூவின் நடுவில் நின்றுபோனது. மறு வருஷம் கல்யாணம், போர்வை இல்லாமலே நன்றாக நடந்தது.

அதற்குப் பிறகு புது மெஷின் வாங்கியாயிற்று. 2020 ஊரடங்கும் வந்துபோனது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த அந்த மாதங்களில்கூட பெட்டி கீழே இறங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அத நெனச்சாலே மலைப்பா இருந்துச்சும்மா. எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல" என்றார்.

இந்த வழக்கில் எனக்குக் கிடைத்த முதல் துப்பு இதுதான். வேண்டிய மட்டும் நேரம் கிடைத்தும் தொடாத ஒரு வேலைக்கு, தினமும் ஒரு மணி நேரம் உட்காருவேன் என்று ஜனவரி ஒன்றாம் தேதி சபதம் எடுத்து என்ன ஆகப்போகிறது? அமெரிக்கா, இங்கிலாந்து குயில்ட் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. முடியாத வேலைகளுக்கு யு.எஃப்.ஓ. (அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட், அதாவது முடியாத பொருள்) என்று செல்லப்பெயர் வைத்து, வருஷ ஆரம்பத்தில் பன்னிரண்டைப் பட்டியல் போட்டு எண் கொடுப்பார்கள். மாதாமாதம் ஒருவர் ஓர் எண்ணைக் குலுக்கி எடுப்பார். அந்த எண்ணுக்குரிய வேலையை அந்த மாதம் கையில் எடுக்க வேண்டும். மேஜை விரிப்பு, தலையணை உறை மாதிரி சின்னச் சின்ன பாக்கிகள் நிறைய இருப்பவர்களுக்கு நல்ல ஏற்பாடு. ஒரே பெரிய வேலையை வைத்துக்கொண்டு மலைத்து நிற்பவருக்குக் குலுக்கலில் எந்த எண் வந்தாலும் ஒன்றுதான். டீச்சரிடம் தேங்கிக் கிடந்தவை முடிவுகள். எந்த அளவு, யாருக்கு, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது. அவற்றை எடுக்காமல் ஊசியைத் தொட்டிருந்தால் இரண்டு வாரத்தில் பெட்டி மேலே போயிருக்கும்.

பெட்டியில் இருந்தது

முதலில் எல்லாவற்றையும் ஒரு பழைய வெள்ளை வேட்டிமேல் பரப்பினோம். தைக்கிற ஆசையை அடக்கிக்கொண்டு இந்த வேலையை முடிக்க வேண்டும். ஒரு நோட்டில் மூன்று பத்தி: முடிந்தது, பாதி, தொடாதது. பக்கத்தில் பழுது என்று இன்னொரு பத்தி.

முடிந்த பூக்கட்டங்கள் 9. பாதியில் நின்ற சங்குப்பூ 1. தொடாதவை 5. ஒட்டுவேலையில் முடிந்தவை 11. மீதி நான்குக்கும் துணி வெட்டி, சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தது.

அட்டைப்பெட்டிக்குள் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தார்கள். அடியில் இருந்த கட்டங்களில் தாள் பட்ட பக்கம் மஞ்சள் பாய்ந்திருந்தது. மலிவான தாளிலும் அட்டையிலும் இருக்கும் அமிலம் மெல்ல மெல்லத் துணிக்கு இறங்கும். பருத்தியைப் பழைய வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தாலே போதும், இந்தத் தொல்லை இல்லை. மடிப்பு விழுந்த இடங்களில் காடா நைந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். நல்லவேளை, இல்லை.

ஓர் ஒட்டுக்கட்டத்தில் ஓரமாகச் சல்லடை மாதிரி அரித்திருந்தது. "அந்துப்பூச்சி" என்றார் டீச்சர். அந்துப்பூச்சிக்குப் பட்டும் கம்பளியும்தான் பிடிக்கும், சுத்தமான பருத்தியை அது சீண்டுவதில்லை. இது ராமபாணப் பூச்சியின் வேலை. அதற்குத் தேவை மாவுச்சத்து. விசாரித்ததில், வெட்டும்போது துணி நழுவாமல் இருக்க அந்தத் துண்டுகளுக்கு மட்டும் கெட்டியாகக் கஞ்சி போட்டது நினைவுக்கு வந்தது. நாள்கணக்கில் எடுத்து வைக்கப்போகிற துணிக்குக் கஞ்சி ஆகாது. வசம்பும் வேப்பிலையும் எத்தனை போட்டாலும் கஞ்சி வாசனை ஜெயித்துவிடும்.

எல்லாவற்றையும்விட மோசம் சங்குப்பூக் கட்டம். மர வளையத்தோடே ஏழு வருஷம் கிடந்திருக்கிறது. வளையம் பிடித்த இடத்தில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம், சரியாக ஓர் இலையின் மேலேயே ஏறிப் போயிருந்தது. ஊசியை இதழின் ஓரத்தில் குத்தியபடி விட்டிருந்தார். கடல் காற்றும் ஈரமும் உள்ள ஊரில் ஊசிக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உருவியபோது கடுகளவு துருப்புள்ளி, அதன் நடுவில் இரண்டு இழை அறுந்திருந்தது. இரும்பு ஈரத்தோடு சேர்ந்தால் கறையோடு நிற்பதில்லை, பருத்தி இழையையே அரித்துப் பலவீனமாக்கிவிடும்.

கணக்கு சொன்ன சேதி

டீச்சர் மனதில் இருந்த கணக்கு, இன்னும் பத்துக் கட்டம் பாக்கி என்பது. அதில் கைத்தையல் ஆறு. ஒவ்வொரு பூவுக்கும் வரைந்த தாளின் மூலையில் தொடங்கிய தேதியும் முடித்த தேதியும் எழுதியிருந்தார் (ஆசிரியர் புத்தி, நமக்கு வசதி). அந்த நாளிலேயே ஒரு பூ முடிய ஒரு மாதம் பிடித்திருக்கிறது. இன்றைய கண்ணுக்கும் கைக்கும் அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும். அப்படியானால் கட்டங்களை இணைப்பதற்கே அடுத்த தீபாவளி வந்துவிடும். அதன் பிறகு 76-க்கு 90-ஐத் தரையில் விரித்து, மூன்று அடுக்கும் (மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி) சேரக் கையால் ஓட்டுத்தையல் போட வேண்டும். மலைப்பு நியாயமானதுதான்.

நான் நோட்டைத் திருப்பி வைத்து இன்னொரு கணக்குப் போட்டேன். அகலத்தில் 4, நீளத்தில் 5. மொத்தம் 20 கட்டங்கள். பூ பத்து, ஒட்டுவேலை பத்து. கையில் ஒன்பது பூ முடிந்திருக்கிறது, சங்குப்பூவைச் சேர்த்தால் பத்து. ஒட்டுக்கட்டம் பதினொன்றில் பூச்சி அரித்ததைத் தள்ளினால் பத்து. அதாவது ஒரே ஒரு பூவின் பாதிதான் பாக்கி.

அளவு 62-க்கு 76 அங்குலம். பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக அடிபடுகிறது. ஒற்றைக் கட்டிலுக்கும் திவானுக்கும் தாராளம்.

அவருக்கு உடனே ஒப்பவில்லை. "அப்ப நந்தியாவட்டை? பவழமல்லி? அதெல்லாம் வரைஞ்சு வெச்சிருக்கேனேம்மா."

"அது வேற ஒண்ணுக்கு ஆகட்டும் டீச்சர். இது யாருக்குன்னு மொதல்ல சொல்லுங்க."

அன்று இரவு மகளிடம் கேட்டிருக்கிறார். மகள் வீட்டுக் கட்டில் அளவே வேறு. 76-க்கு 90 அதில் ஓரம் எட்டாது. பேத்தியின் கட்டில் ஒற்றை. ஆறு வருஷத்துக்கு முன்பே கொடுக்கும் சந்தர்ப்பம் முடிந்துபோன ஒரு பரிசுக்கு, அந்தப் பழைய அளவை இன்னும் கட்டிக்கொண்டு அழுவதில் பொருளில்லை என்பது அவருக்கே பட்டுவிட்டது. மறுநாள் போனில் "இருபதே போடலாம்" என்றார். என்னைக் கேட்டால் இந்தப் போர்வை முடிந்தது அந்தப் போன் பேச்சில்தான். மீதி எல்லாம் கைவேலை.

தொடங்கியவரின் திட்டத்தைக் குறைப்பது தோல்வி என்று நினைக்கிறவர்கள் நிறைய. கட்டம் கட்டமாக வளரும் வேலைக்கு இருக்கிற ஒரே சௌகரியம், எந்த எண்ணிக்கையிலும் நிறுத்தலாம் என்பது. அதைப் பயன்படுத்தாவிட்டால் பிறகு எதற்கு அது?

ஃப்ரீசரில் முளைத்த கோடுகள்

டீச்சர் என்னிடம் வருவதற்கு முன்பே, மடிப்புப் போகட்டும் என்று சங்குப்பூக் கட்டத்துக்கு அயர்ன் போட்டிருந்தார். இரண்டு கெடுதல். கறை உள்ள துணியில் சூடு பட்டால் கறை இன்னும் இறுகும். இரண்டாவது, தைக்க வேண்டிய பாதிப் பூவின் கோடுகளே காணாமல் போய்விட்டன. அவர் வரைந்தது சூட்டில் அழியும் பேனாவால். ஃப்ரிக்ஸன் என்ற பெயரில் கடையில் கிடைக்குமே, அது. அந்த மை 60 டிகிரி வாக்கில் நிறம் இழக்கும். துணியை விட்டு அது போவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே இருக்கிறது.

இந்த நேரத்தில் இன்னொரு வேலையும் காத்திருந்தது. பூச்சி இருந்த பெட்டி என்பதால், எல்லாத் துணியையும் பாலிதீன் உறையில் காற்றை எடுத்துக் கட்டி ஃப்ரீசரில் வைக்கச் சொன்னேன். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் கிடந்தால் பூச்சியும் முட்டையும் ஒழியும். மருந்து வாடை கிடையாது. அருங்காட்சியகங்களிலும் பழந்துணிக்கு இந்த வழியைக் கையாளுகிறார்கள். வெளியே எடுத்ததும் உறையைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் துணிமேல் நீர் கோத்துக்கொள்ளும்.

உறையைப் பிரித்தபோது சங்குப்பூவின் கோடுகள் அத்தனையும் திரும்பி வந்திருந்தன. அந்த மைக்கு மைனஸ் பத்துக்குக் கீழே போனால் நிறம் திரும்பும் குணம் உண்டு. இந்த ஒரு தடவை அது நமக்கு உபகாரம். கூடவே, முடிந்த ஒன்பது பூக்களிலும் தையல் மூடாத இடங்களில் பழைய கோடுகள் மங்கலாக எட்டிப் பார்த்தன. டீச்சருக்குச் சிரிப்பு. "என் பழைய தப்பெல்லாம் வெளிய வந்துடுச்சு பாரு" என்றார். கடைசியில் பின்பக்கமாக அயர்ன் போட்டால் அவை மறுபடி மறையும். மலைப்பிரதேசத்துக்கோ குளிர்நாட்டுக்கோ போகிற பரிசுக்கு மட்டும் இந்தப் பேனாவை நம்ப வேண்டாம். நீல நிறத்தில் தண்ணீருக்குக் கரையும் பேனா தனி ரகம்: அதன்மேல் அயர்ன் பட்டால் கோடு பழுப்பாகித் துணியிலேயே தங்கிவிடும். எந்தப் பேனாவால் வரைந்தோம் என்பதைப் பெட்டிக்குள் ஒரு சீட்டில் எழுதி வைப்பது நூல் எண்ணை எழுதி வைப்பதற்குச் சமமான முக்கியம்.

ஆக, சங்குப்பூவுக்கு வரிசை இப்படி அமைந்தது: குளிர், தையல், ஊறவைத்தல், கடைசியில் சூடு. வளையக் கறையைத் தைத்த பிறகுதான் எடுத்தோம். முன்னாடியே ஊறவைத்திருந்தால் கோடு தேய்ந்திருக்கக்கூடும். ஆக்சிஜன் வகை வெளுப்புத்தூளில் வெதுவெதுப்பாக ஊறியதும் வட்டம் முக்கால்வாசி போயிற்று. மீதி இலையின் பச்சைக்குள் அடங்கிவிட்டது.

துருப்புள்ளிக்கு டீச்சர் எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் வைக்கலாம் என்றார். வெறும் வெள்ளைத் துணியாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். பக்கத்தில் நீல நூல் இருக்கும்போது துணிச்சல் வரவில்லை. குளோரின் ப்ளீச் கூடவே கூடாது, துருவை அது இன்னும் ஆழமாக்கும். இழை அறுந்த இடம் என்பதால் எதைத் தேய்த்தாலும் ஓட்டை பெரிதாகும். அதனால் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மெல்லிய மல் துணியை வைத்துப் பிடித்து, மேலே ஒரு மொட்டு வரைந்தோம். சங்குக்கொடியில் பூவுக்குப் பக்கத்தில் மொட்டு இல்லாமல் இருக்குமா? அடியில் பச்சைப் புல்லி, நுனியில் சுருண்ட நீலம், சாட்டின் தையலில் நெருக்கமாக எட்டு ஒன்பது இழை. மூல வரைபடத்தில் இல்லாத அந்த மொட்டுதான் கட்டத்திலேயே உயிரோட்டமாக இருக்கிறது என்பது என் கருத்து.

நூல் மாறவில்லை, கண் மாறியிருந்தது

நீல நூல் தீர்ந்திருந்தது. பழைய கண்டில் ஒரு முழம் மிச்சம், எண் எழுதிய காகிதப் பட்டையைக் காணோம். ஆங்கர் நூல் 8 மீட்டர் கண்டாக, ஆறு இழையாக வரும். எண் தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். தெரியாதபோது ஷேடு கார்டில் வைத்துப் பார்ப்பதுதான் வழி, அதுவும் கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில். பாரிஸ் கார்னர் கடையில் வைத்து ஒப்பிட்டு, பொருந்தியதை வாங்கி வந்தோம். வீட்டுக்கு வந்ததும் டீச்சர் ஒரே பிடி: "இது இல்ல. பழசு இவ்வளவு பளிச்சுனு இருக்காது. சாம்பல் கலந்த நீலமா இருக்கும். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

கட்டத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தோம். வெயிலும் தூசும் படாத பின்பக்க நூலும் புதுக் கண்டும் எங்கள் எல்லோர் கண்ணுக்கும் ஒன்றாகத்தான் இருந்தன. டீச்சருக்குப் பின்பக்கமும் பளிச்சென்று தெரிந்தது. அப்போதுதான், 2021-ல் இரண்டு கண்ணிலும் புரை அறுவை நடந்த செய்தியைச் சொன்னார். முதுமையில் கண்ணின் லென்ஸ் பழுத்து மஞ்சளாகும். நீலத்தை அது வடிகட்டிவிடும். அதை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்ததும் நீலம் தன் முழு நிறத்தில் தெரியும். ஓவியர் மோனே 1923-ல் கண் அறுவைக்குப் பிறகு எல்லாம் ஒரே நீலமாகத் தெரிகிறது என்று புலம்பியது பிரசித்தம். டீச்சர் 2016-ல் சங்குப்பூவுக்கு நூல் எடுத்தபோது மஞ்சள் கண்ணாடி வழியாக எடுத்திருக்கிறார். நூல் அப்படியேதான் இருக்கிறது.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவர்கள், நிறம் சேரவில்லை என்று முடிந்த பூவைப் பிரிக்கும் முன் வேறு யாரிடமாவது காட்டிக் கேட்பது நல்லது. எண் ஒன்றாகவே இருந்து சாயத் தொகுதி மட்டும் மாறியிருந்தால், ஊசியில் பழைய இழை ஒன்றும் புது இழை ஒன்றும் சேர்த்துக் கோத்துச் சில வரி போட்டு, பிறகு முழுப் புது நூலுக்குப் போகலாம். எல்லை தெரியாது.

கை மாறியிருப்பதையும் மறைக்க முடியாது. பழைய காம்புத் தையல் ஒவ்வொன்றும் அரிசி நீளம். இப்போது போடுவது அதைவிடப் பெரிது, கொஞ்சம் தளர்வு. ஒரு காடாத் துண்டில் வெறுமனே கொடி கொடியாகப் போட்டுப் பழகிய பிறகே கட்டத்தில் கை வைத்தார். அப்படியும் பழைய இதழையும் புது இதழையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு கை என்று தெரிந்தது. "மொத்தமும் பிரிச்சுட்டு முதல்லேருந்து போட்டுடட்டுமா?" என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். ஏழு வருஷம் ஊசி குத்திய காடாவில் பிரித்தால் ஓட்டை ஓட்டையாக நிற்கும். அதைவிட முக்கியம், ஒன்றைப் பிரித்தவர் ஒன்றோடு நிறுத்தமாட்டார். செம்பருத்தியும் கனகாம்பரமும் அடுத்த பலி. இணைக்கும்போது சங்குப்பூவை ஓர வரிசையில் வைத்தோம். படுக்கையில் விரித்தால் அது கால்மாட்டில் போய்விடும்.

சிவப்பு

ஒட்டுக்கட்டங்களின் சுங்குடித் துண்டுகள் வருஷக்கணக்கில் துவைத்த புடவைகள். அவற்றில் இனிச் சாயம் இறங்க ஒன்றுமில்லை. நடுச் சதுரம் மட்டும் கடையில் புதிதாக வாங்கிய சிவப்பு பாப்ளின், துவைக்காமலே வெட்டியது. ஈர வெள்ளைத் துணியால் அழுத்தியதும் ரோஸ் நிறம் ஒட்டிக்கொண்டது. உப்பிலும் வினிகரிலும் போட்டால் சாயம் பிடிக்கும் என்பது இன்றைய சாயங்களிடம் எடுபடாது. பத்துச் சிவப்பையும் மாற்றலாமா என்று யோசித்துவிட்டு, இன்னும் தனித்தனிக் கட்டமாக இருக்கிற வசதியைப் பயன்படுத்திக்கொண்டோம். நிறையச் சுடுதண்ணீர், சோப்புத் தண்ணீர், ஒவ்வொரு கட்டமும் வலைப்பையில் தனியாக. இறங்கிய சாயம் தண்ணீரிலேயே மிதக்க இடம் வேண்டும். ஈரத்தோடு குவித்துப் போட்டால்தான் பக்கத்துத் துணியில் ஏறும். தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி ஊறவைத்தார். ஓரம் பிரிந்த நூல்களைக் கத்தரித்து, அளவு பார்த்ததில் கட்டத்துக்குக் கட்டம் கால் அங்குலம் முன்னே பின்னே இருந்தது. நடுப்பட்டைகளில் அதைச் சமாளித்தோம். பூக்கட்டங்களை 14 அங்குலமாக வெட்டித் தைத்துவிட்டுப் பிறகு 12½-க்கு (தையல் விளிம்புக்கு அரை அங்குலம் சேர்த்து) நறுக்கும் முறையை ஆரம்பத்திலேயே கடைப்பிடித்திருந்ததால் அங்கே பிரச்சினை இல்லை.

அடுக்கு

உள்ளே வைக்க அந்நாளில் வாங்கிய பாலியஸ்டர் பஞ்சு அமுங்கிக் கட்டியாகிக் கிடந்தது. நல்ல நிலையில் இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். சென்னையில் அதைப் போர்த்திக்கொள்ளும் இரவுகள் எத்தனை வரும்? வங்காளத்துக் காந்தாவிலும் மராட்டியத்துக் கோதடியிலும் பழந்துணியே பஞ்சு. அதே வழியில் டீச்சரின் கணவருடைய பழைய எட்டு முழ வேட்டிகளை எடுத்தோம். எட்டு முழம் என்பது சுமார் 144 அங்குலம், அகலம் 50. குறுக்கே இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் 72-க்கு 100. ஓரம் விட்டு வேண்டிய 66-க்கு 80 தாராளமாக வந்துவிடும். இரண்டு வேட்டி, இரண்டு அடுக்கு. அடித்துணிக்கு 44 அங்குல அகலத்தில் நாலரை மீட்டர், துவைத்துச் சுருங்கியதற்கும் சேர்த்து.

மூன்றையும் கூடத்தில் டைல்ஸ் தரைமேல் விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டி, நடுவிலிருந்து வெளியே பின் குத்திக்கொண்டு வந்தோம். குனிந்து நிமிர ஆள் வேண்டிய வேலை. மகள் ஊரிலிருந்து வந்திருந்த சமயமாகப் பார்த்து வைத்துக்கொண்டது டீச்சரின் சாமர்த்தியம். பிறகு பூக்களைச் சுற்றி ஓட்டுத்தையல், ஒட்டுக்கட்டங்களில் கோணலாக. வேட்டி அடுக்கு பஞ்சு மாதிரி நகர்ந்து கட்டியாகாது. மூன்று அங்குலத்துக்கு ஒரு வரிசை போதும். பார்டரில் கொடி போடுவதாக இருந்த திட்டத்தைக் கைவிட்டு நேர்க்கோடாக முடித்தார். இதற்கு மட்டும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

தினமும் உட்காரவில்லை அவர். நாலு மணி காபிக்குப் பிறகு, வெளிச்சம் இருக்கிறவரை, முடிந்த நாளில். அவர் தவறாமல் செய்தது வேறு ஒன்று: எழுந்திருக்கும் முன் அடுத்த நாளுக்கு நூல் கோத்து, ஊசியை ஊசிப்பையில் குத்தி, வளையத்தைக் கழற்றி, "அடுத்து: கனகாம்பரம் இடப்பக்கம்" என்று சீட்டு எழுதி மேலே வைத்துவிடுவார். நடுவில் உறவில் ஒரு துக்கம் வந்து ஆறு வாரம் தொடவில்லை. திரும்பி வந்தபோது சீட்டைப் பார்த்துவிட்டு நேராக ஊசியை எடுத்தார். 2016-ல் அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால் என்று எனக்குத் தோன்றியது.

சுற்றோரம் 276 அங்குலம். இரண்டரை அங்குலப் பட்டை ஏழு வெட்டி இணைத்து, இரட்டையாக மடித்துப் பைண்டிங். அரை மீட்டர் சுங்குடி செலவு.

பின்புறம் ஒரு துண்டுத் துணி தைத்து விவரம் எழுதச் சொன்னேன். அமெரிக்காவில் ஜேன் ஸ்டிக்கிள் என்ற பெண்மணி முடித்த ஒரு குயில்ட், வெர்மான்ட்டில் பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூலையில் அவரே தைத்து வைத்த வரி: போர்க்காலத்தில், 1863, துண்டுகள் 5602, கூடவே தன் பெயர். வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் வருஷத்தில் சில வாரம்தான் அதைக் காட்சிக்கு வைக்கிறார்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அதைச் செய்தவர் யார், எந்தச் சமயத்தில் என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்? டீச்சர் பெயரையும், 2014–2023 என்ற வருஷத்தையும், "நடுவில் வெள்ளம்" என்ற இரண்டு சொல்லையும் சங்கிலித் தையலில் போட்டார்.

முதல் துவையல் டீச்சர் வீட்டுக் குளியலறையில், வாளிக்குப் பதில் பெரிய அண்டாவில். ஒரு சிவப்புச் சதுரத்திலிருந்து மட்டும் பக்கத்துக் காடாவில் லேசாக ரோஸ் ஏறியது. காயவிடாமல் உடனே இன்னொரு சுடுதண்ணீரில் ஊறவைத்ததும் போய்விட்டது. நிழலில், கொடியில் தொங்கவிடாமல் கட்டில்மேல் பரப்பிக் காயவைத்தார். பேத்தி வீட்டுக்குப் போகும்போது கூடவே ஒரு தாள்: குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, சிவப்பு ஜாக்கிரதை. தொடாத ஐந்து பூக்களின் வரைதாள்களில் மூன்றை வகுப்புப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். நந்தியாவட்டையையும் பவழமல்லியையும் டீச்சர் தரவில்லை. தலையணை உறைக்காம்.